1790ஆம் ஆண்டு சாக்சனி நாணயத்தில் பேரரசரின் இருதலைக் கழுகு எப்படி வந்தது?

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படிக்கும் அன்பர் ஒருவர், அங்கே பழம்பொருள் சந்தையில் வாங்கிய வெள்ளி நாணயத்தின் படங்களைப் போட்டுக் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் மார்பளவு உருவம், மறுபக்கம் இருதலைக் கழுகு, கழுகின் மார்பில் குறுக்கு வாள்கள் கொண்ட கேடயம், ஆண்டு 1790, சுற்றெழுத்தில் "விகாரியுஸ் இம்பேரியி" என்ற லத்தீன் சொற்கள், கூடவே ஐ, ஈ, சி என்ற மூன்று ரோமன் எழுத்துகள். விற்றவர் இதை ஆஸ்திரியப் பேரரசரின் நாணயம் என்றாராம். உடன் படிக்கும் நண்பரோ, கேடயம் சாக்சனியுடையது, கழுகு பேரரசருடையது, இரண்டும் ஒன்றாக வராது, ஆகவே இது போலி என்கிறாராம். வீட்டுக்குப் படம் அனுப்பியதும் அம்மா திருநீறு போட்டுத் துலக்கச் சொன்னாராம். செய்யலாமா என்பது கடைசிக் கேள்வி. மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பேரரசரின் சின்னத்தை அவருக்குக் கீழிருந்த ஓர் இளவரசர் எந்த உரிமையில் தன் நாணயத்தில் பொறித்தார்?

நான் முப்பது ஆண்டுகளாக ஐரோப்பிய வெள்ளி நாணயங்களைச் சேகரித்தும் வகைப்படுத்தியும் வருகிறேன். இந்த வகை நாணயங்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருநீற்றுக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். காரணம் பிறகு.

இது ஆஸ்திரியப் பேரரசரின் நாணயம் இல்லை. சாக்சனியை ஆண்ட தேர்வாளர் இளவரசர், அதாவது பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற இளவரசர், மூன்றாம் பிரெடரிக் அகஸ்டஸ் வெளியிட்டது. 1763இல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்து, 1806இல் சாக்சனியின் முதல் மன்னர் ஆனவர் இவர். விகாரியுஸ் என்றால் இன்னொருவருக்குப் பதிலாக நிற்பவர் என்று பொருள். "விகாரியுஸ் இம்பேரியி" என்பது பேரரசின் பதிலாள். 1790 பிப்ரவரி 20 அன்று பேரரசர் இரண்டாம் ஜோசப் வியன்னாவில் இறந்தார். அவருடைய தம்பி லியோபோல்ட் அடுத்த பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது செப்டம்பர் 30 அன்று. இடைப்பட்ட ஏழு மாதங்களுக்கு மேலாக, பல ஜெர்மானிய நாடுகள் அடங்கிய புனித உரோமைப் பேரரசின் அரியணை காலியாக இருந்தது. அந்த மாதங்களில் பேரரசின் ஒரு பாதிக்குப் பொறுப்பாளராக இருந்தவர் உங்கள் நாணயத்தில் இருக்கும் மனிதர். அவர் கழுகை எடுத்துக்கொண்டது கலகமும் அல்ல, திருட்டும் அல்ல. சட்டப்படி அந்த நாட்களுக்கு அது அவர் பொறுப்பில் இருந்த கழுகு.

இந்தச் சட்டம் மிகப் பழையது. 1356இல் பேரரசர் நான்காம் சார்லஸ் பிறப்பித்த "பொன் முத்திரை ஆணை"தான் பேரரசரை யார் தேர்ந்தெடுப்பது என்பதை உறுதியாக வரையறுத்தது. மைன்ஸ், கொலோன், டிரியர் ஆகிய மூன்று பேராயர்கள், பொஹீமிய மன்னர், ரைன் பலாட்டினேட் கோமகன், சாக்சனியின் டியூக், பிராண்டன்பர்க் எல்லைக் கோமகன் என ஏழு பேர். அதே ஆணையின் ஐந்தாம் பகுதி, பேரரசர் இறந்து அடுத்தவர் வரும்வரை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சொல்லிவிட்டது. ரைன் நதிப் பகுதி, சுவேபியா, பிராங்கிய சட்டம் செல்லும் இடங்கள் ஆகியவை பலாட்டினேட் கோமகனுக்கு. சாக்சனிய சட்டம் செல்லும் இடங்கள் சாக்சனிக்கு. நீதி வழங்குவது, தேவாலயப் பதவிகளுக்கு ஆள் முன்மொழிவது, பேரரசின் வருவாயைத் திரட்டுவது, சிறிய மானிய நிலங்களை வழங்கி விசுவாசப் பிரமாணம் பெறுவது ஆகியவை பதிலாளின் அதிகாரங்கள். பெரிய இளவரசர்களின் மானியங்களை வழங்க அவர்களுக்கு உரிமை இல்லை. அது வரப்போகிற பேரரசருக்கு உரியது. பேரரசின் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்றும் ஆணை கண்டிப்பாகச் சொல்கிறது. வீட்டுப் பெரியவர் இல்லாதபோது சாவிக்கொத்தை வைத்திருப்பவர் நிலை இது: கதவைத் திறக்கலாம், மூடலாம், வீட்டை விற்க முடியாது.

நாணயம் அடிக்கும் உரிமை பதிலாள் பதவியால் வந்ததல்ல. தேர்வாளர் இளவரசர்களுக்குத் தங்கமும் வெள்ளியும் அடிக்கும் உரிமையை அதே பொன் முத்திரை ஆணை ஏற்கெனவே கொடுத்திருந்தது. தாலர் எனப்படும் பெரிய வெள்ளி நாணயங்களை ஆண்டுதோறும் அவர்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே பதிலாள் நாணயத்தின் உலோகத்தில், எடையில், செல்லுபடியில் புதிதாக எதுவும் இல்லை. புதிதாக வந்தவை பட்டமும் படமும்தான்.

இங்கே அரியணை காலியாவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாணயங்களைப் புரிந்துகொள்ள எனக்குத் திறவுகோலாக அமைந்தது அதுதான். தொடக்கத்தில் நான் இவற்றின் ஆண்டுகளை வெறும் பட்டியலாகத்தான் மனப்பாடம் செய்தேன்: 1612, 1619, 1657, 1658, 1711, 1740, 1741, 1742, 1745, 1790, 1792. பிறகு ஒருநாள் பேரரசர்களின் இறப்பு ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பல இறப்புகளுக்கு நாணயமே இல்லை. 1637இல் இரண்டாம் பெர்டினாண்ட் இறந்தார்; பதிலாள் நாணயம் கிடையாது. 1705இல் முதலாம் லியோபோல்ட் இறந்தார், கிடையாது. 1765இல் முதலாம் பிரான்சிஸ் இறந்தார், அப்போதும் கிடையாது. ஏன் என்றால், இவர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் மகனை "உரோமையர்களின் அரசர்" என்ற பட்டத்துக்குத் தேர்ந்தெடுக்க வைத்துவிட்டார்கள். தந்தை கண்மூடிய நொடியில் மகன் ஆட்சிக்கு வந்துவிடுவார். அரியணை ஒரு நாள்கூடக் காலியாகாது. 1637இல் இறந்த பெர்டினாண்டின் மகன் அதற்கு இரண்டு மாதம்கூட ஆகாத முந்தைய டிசம்பரில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அந்தச் சில வாரங்கள் தவறியிருந்தால், முப்பதாண்டுப் போரின் நடுவே ஒரு பதிலாள் நாணயம் நம் கைக்குக் கிடைத்திருக்கும்.

அதாவது, இந்த நாணயம் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும், வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசர்களின் குடும்பமான ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் ஏற்பாடு எங்கோ பிசகிய ஆண்டு. 1612இல் இறந்த இரண்டாம் ருடால்ஃபுக்குச் சட்டபூர்வமான மகன் இல்லை. தம்பி மத்தியாஸோடு தீராத பகை. 1619இல் மத்தியாஸும் வாரிசின்றிப் போனார். 1657ஆம் ஆண்டின் கதை இன்னும் வருத்தமானது. மூன்றாம் பெர்டினாண்ட் எல்லாவற்றையும் முறையாகச் செய்திருந்தார். மூத்த மகனை 1653இல் உரோமையர்களின் அரசராகத் தேர்ந்தெடுக்க வைத்தார். மறு ஆண்டே அந்த இளைஞர் அம்மை கண்டு இறந்துவிட்டார். இளைய மகன் லியோபோல்டுக்கு ஏற்பாடு செய்து முடிக்குமுன் தந்தையும் 1657 ஏப்ரல் 2 அன்று இறந்தார். பதினைந்து மாதங்களுக்கு மேல் அரியணை காலி. 1711இல் முதலாம் ஜோசப் 32 வயதில் அதே அம்மையால் மாண்டார்; மகன் இல்லை. 1740இல் ஆறாம் சார்லஸ். அவருக்கும் ஆண் வாரிசு இல்லை. பெரிய அம்மை என்ற ஒரு நோய் இத்தனை தாலர்களுக்குக் காரணமாக இருக்கும் என்று முதலில் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது 1657 அல்லது 1711 என்ற எண்ணைப் பார்த்தால் முதலில் அந்த நோய்தான் நினைவுக்கு வருகிறது.

சாக்சனியின் பதிலாள் நாணயங்களில் குதிரைமேல் அமர்ந்த இளவரசர் திரும்பத் திரும்ப வருவார். 1657இல் இரண்டாம் யோஹான் கெயோர்க் வெளியிட்ட தாலரில் அவர் குதிரையில் செல்ல, "டியோ எத் பாட்ரியே", அதாவது "கடவுளுக்கும் தாய்நாட்டுக்கும்", என்ற வாசகம் இருக்கிறது. 1711இல் வெளியிட்டவர் வலியவர் என்று பெயர் பெற்ற அகஸ்டஸ். அவர் அப்போது போலந்துக்கும் மன்னர். இழந்த அந்த அரியணையை இரண்டாண்டுகளுக்கு முன்புதான் மீட்டிருந்தார். அவருடைய தாலரில் ஒரு பக்கம் குதிரை வீரர். மறுபக்கம் இரண்டு மேசைகள். அவற்றின்மேல் அரச சின்னங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பேரரசர் ஜோசப்பின் மறைவுக்குப் பின் பதிலாளாக இருப்பவர் என்று சுற்றெழுத்து நேராகவே சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய மகன் காலத்தது. 1741ஆம் ஆண்டுத் தாலர் ஒன்றை ஓர் ஏல நிறுவனத்தின் பார்வை நாளில் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். முன்பக்கக் குதிரை வீரரை ஏற்கெனவே படங்களில் கண்டிருந்ததால் சட்டென்று திருப்பிவிட்டேன். பின்பக்கத்தில் ஒரு சிம்மாசனம். அதில் யாரும் இல்லை. உள்ளங்கை அளவுகூட இல்லாத வெள்ளியில், அச்சு வெட்டியவர் ஒரு காலி இருக்கையை நடுவில் வைத்து, அதைச் சுற்றி "சாக்சனிய சட்டம் செல்லும் மாகாணங்களின் பொறுப்பாளரும் பதிலாளும்" என்று லத்தீனில் எழுதியிருக்கிறார். நான் அந்த இருக்கையில் அமரவில்லை, அதைக் காத்துக்கொண்டு நிற்கிறேன் என்று ஓர் அரசர் உலகுக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான படம் இருக்க முடியாது. மேசை விளக்கின் கீழே அந்த நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். சாய்க்கச் சாய்க்க இருக்கையின் விளிம்புகளில் ஒளி நகர்ந்தது. அடுத்து நின்றவர் தொண்டையைச் செருமும்வரை கீழே வைக்க மனம் வரவில்லை.

அந்த 1740 முதல் 1742 வரையிலான இடைவெளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பதிலாள் என்றால் நடுநிலையாளர் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு பதிலாளான பவேரியாவின் கார்ல் ஆல்பிரெக்ட் தானே பேரரசர் பதவிக்குப் போட்டியிட்டார். சாக்சனியும் ஆறாம் சார்லஸின் மகள் மரியா தெரசாவுக்கு எதிரான அணியில் சேர்ந்து, 1741 நவம்பரில் பிராக் நகரைப் பிடித்த படையில் இருந்தது. கடைசியில் 1742 ஜனவரி 24 அன்று கார்ல் ஆல்பிரெக்ட் ஏழாம் சார்லஸ் என்ற பெயரில் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காலி அரியணையைக் காத்தவரே அதில் ஏறி அமர்ந்தார். பிப்ரவரி 12 அன்று பிராங்பர்ட்டில் அவர் முடிசூடிய அதே நாட்களில் ஆஸ்திரியப் படை அவருடைய தலைநகர் மியூனிக்கைக் கைப்பற்றியது. மூன்றே ஆண்டுகளில் அவரும் இறந்துபோக, 1745இல் மறுபடியும் பதிலாள் நாணயங்கள் வந்தன.

பவேரியா எங்கிருந்து வந்தது, ஆணையில் பலாட்டினேட் என்றுதானே இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். இந்த வகையில் மிகவும் சுவையான வழக்கு அதுதான். பொஹீமியக் கலகத்தில் தோற்ற பலாட்டினேட் கோமகன் ஐந்தாம் பிரெடரிக்கிடமிருந்து தேர்வாளர் பதவி பறிக்கப்பட்டு, 1623இல் அவருடைய உறவினரான பவேரியாவின் மாக்சிமிலியனுக்குக் கொடுக்கப்பட்டது. 1648ஆம் ஆண்டு வெஸ்ட்பாலியா உடன்படிக்கை அதைத் திரும்ப எடுக்கவில்லை. பவேரியாவிடமே விட்டுவிட்டு, பிரெடரிக்கின் மகன் கார்ல் லுட்விக்குக்கு எட்டாவதாகப் புதிய தேர்வாளர் பதவி ஒன்றை உருவாக்கியது. பதிலாள் உரிமை எந்தப் பக்கம் போனது? உடன்படிக்கை அதைத் தனியாகப் பெயர் சொல்லித் தீர்க்கவில்லை. பவேரியாவின் வாதம், பழைய தேர்வாளர் பதவியோடு அதன் எல்லா உரிமைகளும் வந்துவிட்டன, பதிலாள் பதவியும் அவற்றில் ஒன்று என்பது. கார்ல் லுட்விக்கின் வாதம், 1356ஆம் ஆண்டு ஆணை இந்த உரிமையை ரைன் பலாட்டினேட் கோமகன் என்ற நிலைக்குத்தான் கொடுத்தது, அந்தக் கோமகன் நான்தான், பவேரியாவின் டியூக் அல்ல என்பது. ஆணையின் சொற்களைப் படிக்கும்போது கார்ல் லுட்விக் பக்கம் கணிசமான நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் இது என் கருத்து. அக்காலச் சட்ட அறிஞர்களே இரு அணியாகப் பிரிந்து புத்தகம் புத்தகமாக எழுதினார்கள்.

1657இல் அரியணை காலியானதும் இருவருமே தங்களைப் பதிலாளாக அறிவித்தார்கள். இருவருமே அந்தப் பட்டத்தோடு நாணயம் அடித்தார்கள். ஒரே நிலப்பரப்பு, ஒரே உரிமை, இரண்டு பதிலாள்கள். மறு ஆண்டு பிராங்பர்ட்டில் தேர்தலுக்காகக் கூடியபோது, பவேரியாவின் தூதர் தன் தரப்பு வாதத்தை வாசிக்க, பொறுக்கமுடியாத கார்ல் லுட்விக் மைக்கூட்டைத் தூக்கி அவர்மேல் எறிந்தார். மைக்கூடு எறிய எட்டாத தூரத்துக்கு நாணயம் போய்ச் சேர்ந்தது. சந்தையில், வரி அலுவலகத்தில், கூலிப்படை வீரனின் பையில் எல்லாம் இந்த உரிமை வாதம் கைமாறிக்கொண்டிருந்தது. அதனால்தான் இவற்றை வெறும் நினைவு நாணயங்கள் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்புவதில்லை. நடந்து முடிந்த ஒன்றை நினைவுகூரும் நாணயங்கள் அல்ல இவை. அடித்த நாளில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்த வழக்கு ஒரு நூற்றாண்டுக்குமேல் இழுத்தது. 1706இல் பவேரியாவின் மாக்ஸ் எமானுவேல் பேரரசின் சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்கும் தடைக்கு உள்ளானதால் பழைய பதவி மீண்டும் பலாட்டினேட்டுக்குப் போனது. அதனால் 1711இல் பலாட்டினேட்டின் யோஹான் வில்ஹெல்ம் எந்தப் போட்டியும் இல்லாமல் பதிலாள் நாணயங்களை அடித்தார். 1714இல் பவேரியா எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. 1724இல் இரு கிளைகளும் இனிமேல் சேர்ந்தே பொறுப்பு வகிப்பது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு மாறி மாறி வகிப்பது என்று 1745இல் ஏற்பாடாகி, 1752இல் பேரரசின் ஒப்புதலும் கிடைத்தது. கிடைத்து என்ன பயன்? 1777இல் பவேரியக் கிளை வாரிசின்றி முடிய, பலாட்டினேட்டின் கார்ல் தியோடர் இரண்டு நாடுகளுக்கும் ஒரே அதிபர் ஆனார். உங்கள் நாணயத்தின் ஆண்டான 1790இல் மறுபாதிக்குப் பதிலாளாக இருந்தவர் அவர்தான். மியூனிக்கிலும் மன்ஹைமிலும் அவர் அடித்த தாலர்களிலும் இருதலைக் கழுகு உண்டு. அதன் மார்பில் பவேரிய, பலாட்டினேட் சின்னங்கள் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே கழுகு இரு வேறு கேடயங்களை அணிந்திருப்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

இனி உங்கள் நண்பரின் சந்தேகத்துக்கு வருகிறேன். கழுகும் கேடயமும் ஒன்றாக வருவது போலிக்கு அடையாளம் அல்ல. இந்த வகைக்கே அதுதான் இலக்கணம். குறுக்கு வாள்கள் சாக்சனி இளவரசர் பேரரசின் தலைமைப் படைத்தலைவர் என்ற பட்டத்தைக் குறிப்பவை. பட்டைகளின் மேல் சாய்வாகச் செல்லும் பச்சிலை மாலை போன்றது சாக்சனியின் குலச்சின்னம். வியன்னாவின் நாணயமாக இருந்தால் அந்த இடத்தில் ஹாப்ஸ்பர்க் சின்னங்கள் இருக்க வேண்டும். ஐ, ஈ, சி என்று நீங்கள் படித்த மூன்று ரோமன் எழுத்துகள் யோஹான் எர்ன்ஸ்ட் குரோல் என்பவரின் முதலெழுத்துகள். 1779 முதல் 1804 வரை டிரெஸ்டன் நாணயச்சாலையின் தலைவராக இருந்தவர் அவர். ஆண்டு, இடம், ஆள் மூன்றும் சரியாகப் பொருந்துகின்றன.

ஆனால் வடிவமைப்பு பொருந்துவது வேறு, உங்கள் கையில் இருக்கும் துண்டு உண்மையானது என்பது வேறு. படத்தை மட்டும் வைத்து இரண்டாவதை நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. இது தாலர் என்றால் அன்றைய கன்வென்ஷன் அளவையில் அடித்தது. 1753இல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் செய்துகொண்ட நாணய ஒப்பந்தத்தால் வந்த அளவை அது. சாக்சனி 1763இல் ஏற்றுக்கொண்டது. கொலோன் மார்க் என்னும் எடைக்கல் அளவான சுமார் 234 கிராம் சுத்த வெள்ளியிலிருந்து பத்துத் தாலர்கள். ஆக ஒன்றில் 23.4 கிராம் வெள்ளி. செம்பு கலந்த மொத்த எடை 28.06 கிராம். தேய்மானத்தால் 27.7, 27.8 என்று இருந்தால் கவலை இல்லை. 26 என்றால் சந்தேகப்படுங்கள். அரை எடையாக 14 கிராம் அளவில் இருந்தால் அது மூன்றில் இரண்டு பங்குத் தாலர் என்ற சிறிய மதிப்பு (இந்தப் பங்கு கணக்குவழக்கில் மட்டும் இருந்த, மதிப்புக் குறைந்த தாலரை வைத்துச் சொல்வது). அதுவும் அந்த ஆண்டில் அடிக்கப்பட்டது, அதுவும் நல்ல நாணயமே.

எடை மட்டும் போதாது, அடர்த்தியும் பாருங்கள். நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான மின்தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு சுமார் 2.75 கிராம் காட்ட வேண்டும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.2க்கு அருகில் வரும். 833 நுண்மை வெள்ளியின், அதாவது ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி உள்ள கலவையின், அடர்த்தி அதுதான். 8, 9 என்று வந்தால் உள்ளே வேறு உலோகம். பிறகு விளிம்பை உருப்பெருக்கியில் சுற்றிப் பாருங்கள். வார்த்த போலியில் நீளவாக்கில் ஒட்டுக்கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் தேய்த்து மறைத்த தடம் இருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். மேலே, பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில், விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால் யாரோ முன்பு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். அது போலி அல்ல, ஆனால் விலை குறையும். நாணயத்தின் பரப்பில் இணையாக ஓடும் மெல்லிய கீறல்கள் தெரிந்தால் பதற வேண்டாம். எடை கூடிய வெள்ளி வில்லையை அடிப்பதற்கு முன் நாணயச்சாலையிலேயே அரத்தால் சீவிச் சரிசெய்வது அக்கால வழக்கம். உருவத்தின் மேடான பகுதிகளுக்குக் கீழே அந்தத் தடங்கள் புதைந்து கிடக்கும். சந்தையில் பிறகு பட்ட கீறல் என்றால் எல்லாவற்றின்மேலும் ஏறி ஓடும்.

இப்போது திருநீறு. வீட்டு வெள்ளி விளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் திருநீறு அருமையான பொடிதான்; என் வீட்டிலும் அப்படித்தான் துலக்குகிறோம். அது மிக நுண்ணிய உரசுபொடி என்பதால்தான் துலங்குகிறது. உரசும்போது வெள்ளியின் மேல்தோலும் சேர்ந்தே போகிறது. நாணயத்தில் அந்தத் தோல்தான் எல்லாம். கழுகின் இறகுகளுக்கு நடுவே படிந்திருக்கும் சாம்பல் கறுப்பு உருவானதற்கு 230 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒருமுறை தேய்த்தால் அது திரும்ப வராது, எந்தச் சேகரிப்பாளரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் வழி விளக்குக்குச் சரி, இதற்கு மட்டும் வேண்டாம் என்று. மண் ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் சற்று நேரம் ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

இந்த வகையோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தேடும்போது உதவும். "சேதே வகாந்தே" என்று எழுதிய நாணயங்கள் ஒரு பேராயரோ ஆயரோ இறந்து அவர் இடம் காலியாக இருந்தபோது தேவாலயக் குருமன்றம் அடித்தவை. பேரரசரின் அரியணைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இரண்டாவது, அறிவாளர் என்று அழைக்கப்பட்ட சாக்சனியின் பிரெடரிக் 1507இலிருந்து "லோகும்தெனென்ஸ் கெனெராலிஸ்" என்ற பட்டத்தோடு வெளியிட்ட பெரிய வெள்ளி நாணயங்கள். அப்போது பேரரசர் மாக்சிமிலியன் உயிரோடுதான் இருந்தார். அவரே நியமித்த பிரதிநிதிப் பதவி அது. அதே பிரெடரிக் 1519இல் மாக்சிமிலியன் இறந்தபோது உண்மையாகவே பதிலாளும் ஆனார். திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூதர்மேல் நடவடிக்கை எடுக்க உரோமை தயங்கிய மாதங்கள் அவை. ஆனால் 1507ஆம் ஆண்டுப் பட்டத்தைப் பதிலாள் நாணயம் என்று விற்பது பிழை. மூன்றாவது, வரலாற்று நூல்களில் "பெரிய இடைக்காலம்" என்று வருவது, அதாவது அனைவரும் ஏற்ற அரசர் இல்லாதிருந்த காலம், 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, 1273இல் ருடால்ஃப் தேர்ந்தெடுக்கப்பட்டதோடு முடிந்தது. தாலர் என்ற நாணயமே அப்போது கிடையாது.

இவை புழங்கினவா, பரிசாக மட்டும் கொடுக்கப்பட்டனவா என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. முழு எடை, முழு நுண்மை, வழக்கமான மதிப்பு ஆகியவற்றைப் பார்த்தால் புழங்கத் தடை எதுவும் இல்லை. நன்றாகத் தேய்ந்த துண்டுகளை நானே பலமுறை கையாண்டிருக்கிறேன். தங்கத்தில் அடித்தவையும் இரட்டைத் தாலர் எடையில் அடித்தவையும் பெரும்பாலும் அன்பளிப்புக்கு என்பது என் ஊகம். அவற்றில் தேய்மானம் அரிதாகவே தெரிகிறது.

பட்டம் கொடுக்கும் வேலையும் இந்த மாதங்களில் சுறுசுறுப்பாக நடந்தது. பேரரசர் கொடுக்க வேண்டிய பிரபுப் பட்டங்களைப் பதிலாள்கள் கொடுக்கலாம் என்பதால் 1790இலும் 1792இலும் நிறையப் பேர் பிரபுக்கள் ஆனார்கள். வெப்பத்தைப் பற்றிய ஆய்வுகளால் அறிவியல் மாணவர்கள் அறிந்த ரம்ஃபோர்ட் பிரபு, அமெரிக்காவில் பிறந்த பெஞ்சமின் தாம்சன், அந்தப் பட்டத்தை 1792இல் பதிலாளான கார்ல் தியோடரிடமிருந்துதான் பெற்றார். அந்த ஆண்டு மார்ச் 1 அன்று லியோபோல்ட் ஆட்சிக்கு வந்து இரண்டாண்டு நிறையும் முன்பே திடீரென்று இறந்தார். ஜூலை 5 அன்று அவர் மகன் இரண்டாம் பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நான்கு மாதங்களில் அடித்த தாலர்கள்தான் இந்த வரிசையில் கடைசி. 1806 ஆகஸ்ட் 6 அன்று பிரான்சிஸ் முடியைத் துறந்து பேரரசையே கலைத்துவிட்டதால், அதன்பின் காலியாவதற்கு அரியணை இல்லை.

உங்கள் நாணயத்தின் எடை, தண்ணீரில் காட்டிய எண், விளிம்பின் நான்கு பக்கப் படங்கள் ஆகியவற்றைப் போடுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். விலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். லைப்சிக்கில் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று: டிரெஸ்டன் அங்கிருந்து ரயிலில் எட்டும் தூரம்தான். அரண்மனைக்குள்ளேயே நாணயக் காட்சியகம் இருக்கிறது. உங்கள் நாணயம் பிறந்த ஊரும் அதுதான். போனால் 1741ஆம் ஆண்டுத் தாலரைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலிச் சிம்மாசனம் தெரியும்படி பின்பக்கத்தை மேலே திருப்பி வைத்திருக்கிறார்களா என்று எனக்கும் எழுதுங்கள்.